மூன்று முறை கேட்காத டாக்டர்

நார்டாலில் யார் வீட்டுக்குப் போனாலும் காபி வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்ல வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்பார்கள். அப்போதும் வேண்டாம்தான். மூன்றாவது முறை கேட்கும்போது, "சரி, உங்களுக்குச் சிரமம் இல்லைன்னா அரைக் கப்" என்று இழுத்துவிட்டு முழுக் கப்பையும் குடிக்கலாம். இது அமெரிக்காவில், மினசோட்டாவின் வடக்கே பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். முதல் முறையே சரி என்றால் அலைகிறான் என்று பொருள். மூன்றாவது முறையும் வேண்டாம் என்றால் உண்மையிலேயே வேண்டாம். காபிக்கு மட்டுமல்ல, கார் பனியில் சிக்கினால் தள்ளிவிடுவதற்கும், வீட்டுக்குக் கூரை போட ஆள் வருவதற்கும் இதே கணக்குதான். ஊர் இந்தக் கணக்கில் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது, டாக்டர் பெட்ருசி வந்து சேரும் வரை.

அவர் நியூ ஜெர்சிக்காரர். அங்கே ஒரு தடவை கேட்பார்கள், ஒரு தடவை சொல்வார்கள், அடுத்த வேலையைப் பார்ப்பார்கள்.

மார்லிஸ் ஹாகன் முதல் முறை அவரிடம் போனது அக்டோபரில். ஐம்பத்தெட்டு வயது. ஒன்பது வருடமாக முடக்குவாதம். மாவட்டச் சாலை அலுவலகத்தில், பனி வாரும் லாரிகளை எந்தச் சாலைக்கு அனுப்புவது என்று ரேடியோவில் சொல்லும் வேலை. அவள் குரலைக் கேட்காமல் அந்த வட்டாரத்தில் எந்த லாரியும் நகராது. கை விரல்கள் லேசாகக் கோணியிருந்தாலும் நாக்கு நேராக இருந்தது. ஓட்டுநர்களை அவள் வறுத்தெடுப்பதைக் கேட்கவே சிலர் வீட்டில் அந்த அலைவரிசையைத் திருகி வைத்திருந்தார்கள்.

டாக்டர் ஒவ்வொரு மூட்டாக அழுத்திப் பார்த்தார். கடைசியில் கேட்டார்.

"மனசு எப்படி இருக்கு மார்லிஸ்? எதுலயும் பிடிப்பில்லாம, சோர்வா, அப்படி ஏதாவது?"

"அதெல்லாம் ஒண்ணும் மோசமில்ல டாக்டர்" என்றாள் மார்லிஸ்.

"ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

மார்லிஸ் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். திரும்பி வருவார் என்றுதான் நினைத்தாள். நர்ஸ் வந்து, அறை வேண்டும் என்று பல்லைக் காட்டிச் சிரித்தபோதுதான் எழுந்தாள்.

"என்ன மனுஷன் அவன்? இன்னொரு தடவை கேட்டா வாய் வலிக்குமா?" என்று வீட்டில் புருஷன் டுவேனிடம் பொரிந்தாள்.

"என்ன கேக்கல?" என்றான் டுவேன்.

"ஒண்ணுமில்ல, விடு."

டுவேன் விட்டுவிட்டான். வீடுவீடாகச் சமையல் வாயு நிரப்பும் லாரி ஓட்டுகிறவன். பேச்சை அளந்துதான் விடுவான்.

அந்த இலையுதிர் காலத்திலிருந்து மார்லிஸுக்குள் ஏதோ அணைந்து போயிருந்தது. அதற்கு அவள் வைத்த பெயர் சோம்பேறித்தனம். காலையில் அலுவலகம் வரை காரை ஓட்டிவிடுவாள். வாசலில் நிறுத்துவாள். இறங்க முடியாது. கால் இருக்கிறது, கதவு இருக்கிறது, இறங்கத்தான் முடியாது. இன்ஜினும் ஹீட்டரும் பெட்ரோலைக் குடித்துக்கொண்டிருக்க, அங்கிருந்தபடியே அலுவலகத்துக்குப் போன் போடுவாள்.

"கர்ட், கை ரொம்ப வீங்கியிருக்கு. இன்னிக்கு வர முடியல."

மேலதிகாரி கர்ட், ஜன்னல் வழியாக அவள் காரையும் அதற்குள் அவளையும் பார்த்துக்கொண்டே, "சரி மார்லிஸ், உடம்பைப் பார்த்துக்கோ. ரோடு வழுக்குது, பார்த்து வீட்டுக்குப் போ" என்பார். வெளியே இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டிக் கேட்பதெல்லாம் அந்த ஊர் வழக்கமில்லை. அது அநாகரிகம்.

கையோ வீங்கியிருக்கவில்லை. அதுதான் வேடிக்கை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தொடையில் போட்டுக்கொள்ளும் ஊசி வேலை செய்துகொண்டிருந்தது. ஆனால் உடம்பெல்லாம் வலித்தது. அது நடிப்பு இல்லை. உண்மையாகவே வலித்தது. வலிக்கிறது என்றால் டாக்டர் பெட்ருசி சும்மா விடுவாரா? எக்ஸ்ரே எடுத்தார். ஸ்கேன் எடுத்தார். குழாய் குழாயாக ரத்தம் எடுத்தார். டுலூத் நகரில் இருக்கும் பெரிய டாக்டரிடம் அனுப்பினார். அந்தப் பெரிய டாக்டர் அதே எக்ஸ்ரேயை வேறு கோணத்தில் எடுத்தார். மூட்டுக்குள் இல்லாத ஒன்றை மூட்டுக்குள்ளேயே தேடுகிறவர்களுக்கு வேலைக்கு என்ன பஞ்சம். ஒவ்வொன்றுக்கும் காப்பீடு ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு, மீதியை மார்லிஸ் தலையில் கட்டியது. போக முடியாமல் படுத்துவிட்ட நாட்களுக்கு, வராததற்கு என்று மருத்துவமனை தனியாக ஒரு கட்டணம் போட்டது.

பகல் முழுக்கக் கட்டிலில் கிடந்தவள் போனில் சாமான் வாங்கினாள். பலமில்லாத கைக்கு ஏற்ற ஜாடித் திறப்பான், முட்டை உரிப்பான், காலுறை மாட்டிவிடும் வளையம். ஜாடித் திறப்பான் மட்டும் ஐந்து வந்துவிட்டது. எதையும் பிரிக்கவில்லை. பெட்டியைப் பிரிக்கும் கருவி ஒன்றும் வந்தது, அதுவும் பெட்டிக்குள்ளேயே இருந்தது. சமைக்க எழுந்திருக்காததால் சாப்பாடும் கடையிலிருந்து வந்தது. முடக்குவாதம் ஒன்பது வருடத்தில் கேட்காத பணத்தை இந்தச் 'சோம்பேறித்தனம்' ஐந்தே மாதத்தில் கேட்டு வாங்கிவிட்டது.

பிப்ரவரி கடைசியில் கர்ட் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். காபி வேண்டுமா என்று மூன்று தடவை கேட்டார். நாலு வாய் குடித்த பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"லீவெல்லாம் தீர்ந்துடுச்சு மார்லிஸ். டாக்டர்கிட்ட இருந்து ஒரு லெட்டர் வந்தா வேலையையும் காப்பீட்டையும் நான் பிடிச்சு வெச்சுக்க முடியும். மார்ச் முடியறதுக்குள்ள வரணும். இல்லேன்னா மேலிடத்துல..." என்று நிறுத்தி, "பனி இன்னும் பெய்யும்போலிருக்கு" என்று முடித்தார்.

வேலை போனால் காப்பீடு போகும். காப்பீடு போனால் ஊசி போகும். அந்த ஊசியை முழு விலை கொடுத்து வாங்க வேண்டுமென்றால் டுவேன் தன் லாரியோடு சேர்த்துத் தன்னையும் விற்க வேண்டும். ஊசி இல்லாத காலத்தில் கை எப்படி இருந்தது என்று மார்லிஸுக்கு நினைவிருந்தது. அப்போதெல்லாம் தலை வாரிவிட்டது டுவேன்தான்.

மார்ச் முதல் வாரம் டாக்டரிடம் போய் லெட்டர் கேட்டாள். அவர் கணினித் திரையைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

"நல்ல செய்தி. உங்க மூட்டு எல்லாம் அருமையா இருக்கு. ரத்தம் இவ்வளவு சுத்தமா வந்து நான் பார்த்ததே இல்ல. வேலைக்குப் போக முடியாதுன்னு எதை வெச்சு எழுத? வலி ஏன் இருக்குன்னுதான் எனக்குப் புரியல. மனசு எப்படி இருக்கு?"

மார்லிஸுக்கு உண்மை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் வளர்த்த வளர்ப்பு விடுமா.

"மோசமில்ல டாக்டர்" என்றாள், இன்னொரு தடவை கேளேன் என்பதுபோல அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு.

"சரி, இருபதாம் தேதிக்கு மேல வாங்க. அதுக்குள்ள முதுகை ஒரு ஸ்கேன் எடுத்துடலாம்" என்றார் அவர்.

இதற்கிடையே டுவேனின் அக்கா ட்வைலா களத்தில் இறங்கினாள். மார்லிஸோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவள். மார்லிஸைத் தம்பி தலையில் கட்டியதே அவள்தான். மனசு தங்கம். காதுதான் சமயத்தில் வேலை செய்யாது.

"உன் கைக்காக ஓலே பார்ல ஒரு இறைச்சிக் குலுக்கல் வெக்கிறோம்டி. சனிக்கிழமை மத்தியானம்."

"வேண்டாம் ட்வைலா."

"ஊரே கேக்குது, மார்லிஸுக்கு நாம என்ன செய்யறதுன்னு."

"நிஜமா வேண்டாம்."

"கறிக்கடைக்காரன் பாதி விலைக்குத் தர்றேன்னுட்டான்."

"ட்வைலா, நான் மூணாவது தடவையா சொல்றேன். வேண்டாம். எனக்குப் பிடிக்கல."

ட்வைலா அவள் தோளைத் தட்டினாள். "நீ இப்படித்தான் சொல்லுவேன்னு போஸ்டர் ஏற்கெனவே அடிச்சாச்சு."

கேட்க வேண்டியவர் ஒரு தடவையோடு நிறுத்திக்கொண்டார். நிறுத்த வேண்டியவள் மூன்று தடவை சொன்னாலும் நிறுத்தவில்லை. மார்லிஸின் நேரம் அப்படி.

போஸ்டர் ஊரெல்லாம் தொங்கியது. 'மார்லிஸின் கைகளுக்காக' என்று மேலே எழுத்து. கீழே, பத்து வருடத்துக்கு முன் அவள் ஒரு முரட்டு மீனை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிற படம். கை நன்றாகத் தெரியும் படம் அது ஒன்றுதானாம்.

சனிக்கிழமை ஓலே பாரில் நிற்க இடமில்லை. ஒரு டாலர் கொடுத்துச் சீட்டு வாங்க வேண்டும். சுவரில் இருக்கும் பெரிய சக்கரத்தைச் சுற்றுவார்கள். எண் விழுந்தவருக்கு மேஜையிலிருந்து இறைச்சிப் பொட்டலம் ஒன்று. சக்கரம் சுற்றும் கௌரவம் மார்லிஸுக்கு. சுற்றுவதற்கு வசதியாக ட்வைலா கைப்பிடியில் துண்டு சுற்றி வைத்திருந்தாள். மார்லிஸ் ஒவ்வொரு தடவை சுற்றும்போதும் கூட்டம் கை தட்டியது. அவளும் அந்தக் கை வலிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள். நல்ல கையை வைத்துக்கொண்டு நொண்டிக் கை நாடகம் ஆடுவது எவ்வளவு சிரமம் என்று ஆடிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

டாக்டர் பெட்ருசியும் வந்திருந்தார். ஊருக்குப் புதிது, தனி ஆள், சனிக்கிழமை மத்தியானம் வேறு போக்கிடம் இல்லை. அவருக்கு இரண்டு கிலோ பன்றி விலாவே விழுந்தது. அந்த உற்சாகத்தில், பலகார மேஜையில் தட்டில் மிச்சமிருந்த கடைசித் துண்டு ருபார்ப் கேக்கை, அதாவது புளிப்புத் தண்டு போட்டுச் சுட்ட கேக்கை, எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

பாரில் பேச்சு நின்றது.

கடைசித் துண்டை நார்டாலில் யாரும் எடுப்பதில்லை. பாதியாக வெட்டிப் பாதியை எடுப்பார்கள். அடுத்தவர் அந்தப் பாதியில் பாதி. விரல் நகம் அளவு வரும் வரை அது தட்டிலேயே இருக்கும், பிறகு பார்க்காரர் ஓலே நாய்க்குப் போடுவார். டாக்டர் மெல்லுவதை நிறுத்திவிட்டுச் சுற்றிலும் பார்த்தார்.

"என்ன ஆச்சு? பக்கத்துல நின்ன நம்ம நர்ஸ்கிட்ட கேட்டேனே, யாருக்காவது வேணுமான்னு. யாருக்கும் வேண்டாம்னாங்களே."

ட்வைலா அவரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனாள். "எத்தனை தடவை கேட்டீங்க?"

"ஒரு தடவை."

"அட கடவுளே" என்றாள் ட்வைலா. "உக்காருங்க டாக்டர். உங்களுக்கு யாருமே சொல்லலையா?"

ட்வைலா விளக்கிக்கொண்டிருந்ததை மார்லிஸ் கவனிக்கவில்லை. அவள் எதிரே செல்மர் என்கிற பக்கத்துத் தெருக்காரர் வந்து, பீர் வாசனையோடு நின்றுகொண்டிருந்தார்.

"உன் புருஷன் நல்ல மனுஷன் மார்லிஸ். அந்த மீன் குடிலை இந்த விலைக்கு எவனும் தர மாட்டான். கட்டில், அடுப்பு எல்லாத்தோடயும்."

"எந்த மீன் குடில்?"

செல்மர் தொண்டையைச் செருமினார். "பனி இன்னும் பெய்யும்போலிருக்கு" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

பனிக்காலத்தில் உறைந்த ஏரி மேல் இழுத்துக்கொண்டு போய் நிறுத்தும் சின்ன மரக்குடில் அது. டுவேன் தன் கையால் கட்டியது. மீன் பிடிக்கத் தரையில் ஒரு துளை, ஒரு கட்டில், ஒரு சின்ன அடுப்பு, பேசாமல் உட்கார ஒரு நாற்காலி. இருபது வருடமாக ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் இருந்த இடம். இந்த வருடம் ஞாயிறெல்லாம் அவன் எங்கே போனான் என்று மார்லிஸ் யோசித்தாள். ஞாயிறுதோறும் மண்வெட்டியை வண்டியில் போட்டுக்கொண்டு போனது எதற்கு என்று இப்போதுதான் விளங்கியது. அடுத்தவர்கள் வீட்டு வாசலில் கூலிக்குப் பனி வாரியிருக்கிறான். கட்டிலில் கிடந்தவளுக்கு அது அப்போது புரியவே இல்லை. அவளுக்குத் தன்மேல் வந்த வெட்கம் முகத்தைச் சுட்டது.

ட்வைலா மேஜை மேல் ஏறி, மூவாயிரத்துச் சொச்சம் டாலர் சேர்ந்திருப்பதாக அறிவித்தாள். கூட்டம் ஆரவாரம் செய்தது. மார்லிஸ் நன்றி சொன்னாள். கைகளுக்காக வந்த பணம். ஆனால் கை ஐந்து ஜாடித் திறப்பான் வாங்கவில்லை. கை டுலூத்துக்குப் போகவில்லை. கை குடிலை விற்கவில்லை. விற்றது கழுத்துக்கு மேலே இருக்கும் ஏதோ ஒன்று, அதற்கு யாரும் போஸ்டர் அடிக்கவில்லை.

திரும்பும்போது வெளிச்சம் இன்னும் இருந்தது. டுவேன் ஓட்டினான். ஏரிக்கரை வந்ததும் அவன் கண் தானாக அந்தப் பக்கம் போய்த் திரும்பியது.

"உனக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டான்.

"ஒண்ணுமில்ல."

தேவாலயம் தாண்டியது. தானியக் கிடங்கு தாண்டியது.

"நல்லாத்தான இருக்க?"

"இருக்கேன்."

வீட்டுத் திருப்பத்தில் வண்டியை மெதுவாக்கினான். ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்தபடியே மூன்றாவது முறை கேட்டான்.

"மார்லிஸ், நிஜமாவே ஒண்ணுமில்லையா?"

"ஒண்ணுமில்ல டுவேன். கொஞ்சம் அசதி, அவ்வளவுதான்."

அவன் தலையாட்டினான். மூன்று முறை கேட்டாயிற்று. இனி அவன் கேட்க முடியாது. கேட்கவும் மாட்டான்.

வண்டி நின்ற பிறகுதான் மார்லிஸுக்கு உறைத்தது. முதல் இரண்டு முறை சொல்வது மரியாதை. மூன்றாவது முறை சொல்வது உண்மை. அவள் வாழ்க்கையில் முதல் தடவையாக மூன்றாவது முறை பொய் சொல்லியிருந்தாள். அதுவும் பேச்சையே அளந்து விடுகிற மனுஷனிடம், குடிலை விற்றுவிட்டு அதைப்பற்றி மூச்சுவிடாத மனுஷனிடம். அந்த டாக்டரை இத்தனை நாள் திட்டியது எதற்கு என்று அவளுக்கே கேவலமாக இருந்தது. மூன்று முறை கேட்டாலும் சொல்லாதவளுக்கு ஒரு முறை கேட்டவர்மேல் என்ன கோபம்.

இருபத்தோராம் தேதி டுவேனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போனான். அவன் வெளியே உட்கார்ந்துகொண்டான். மார்லிஸ் உள்ளே பரிசோதனைக் கட்டிலில் காகித விரிப்பின் மேல் உட்கார்ந்து, முந்தைய நாள் முழுக்கத் தனக்குள் ஒத்திகை பார்த்த ஒரே ஒரு சொல்லை மறுபடி ஒத்திகை பார்த்தாள்.

டாக்டர் வந்தார். மூட்டை அழுத்தினார். முதுகு ஸ்கேனும் அருமை என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். வழக்கமாக அவர் உட்காருகிறவர் இல்லை.

"மனசு எப்படி இருக்கு மார்லிஸ்? சோர்வா, எதுவும் பிடிக்காம?"

"ஆமா டாக்டர்" என்றாள் மார்லிஸ்.

முதல் முறையிலேயே சொல்லிவிட்டாள். காது மடல் சிவந்துவிட்டது. அம்மா உயிரோடு இருந்திருந்தால் எழுந்து வெளியே போயிருப்பாள்.

டாக்டரோ அதைக் கண்டுகொள்ளவே இல்லை. ட்வைலாவிடம் பாடம் கேட்ட புது மாணவர் அவர். பாடத்தில் இருந்ததை அப்படியே செய்தார்.

"பரவாயில்ல, யோசிச்சு சொல்லுங்க. நிஜமா எப்படி இருக்கு?"

"அதான் சொன்னேனே, ஆமான்னு. நல்லா இல்ல. காரை விட்டு இறங்கவே முடியல."

"அவசரம் இல்ல" என்றார் அவர் கனிவாக, மனதுக்குள் இரண்டு என்று எண்ணிக்கொண்டு. "எத்தனை தடவை வேணும்னாலும் நான் கேப்பேன். மார்லிஸ், மனசு எப்படி இருக்கு?"

மார்லிஸ் அவரை முறைத்தாள். இந்த மனுஷன் ஒன்று, ஒரு தடவையோடு விட்டுவிடுவார்; இல்லை, கேட்க ஆரம்பித்தால் சொன்ன பதிலும் காதில் விழாது. திட்டத்தான் வாயைத் திறந்தாள். ரேடியோவில் லாரிக்காரர்களைத் திட்டுகிற அந்தக் குரலை எடுக்கத்தான் பார்த்தாள். குரல் வரவில்லை. அழுகை வந்தது. அக்டோபரிலிருந்து தேங்கியிருந்த அழுகை, சத்தத்தோடு, மூக்கு ஒழுக, காகித விரிப்பு கிழியும்படி. டாக்டர் டிஷ்யூ பெட்டியை நீட்டினார். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். மறுபடி நீட்டினார். மூன்றாவது முறை நீட்டியபோது பெட்டியோடு வாங்கிக்கொண்டாள்.

அழுகை ஓய்ந்த பிறகு எல்லாம் சொன்னாள். கார், போன், ஜாடித் திறப்பான், குடில். அவர் எதையும் எழுதாமல் கேட்டார்.

"இது சோம்பேறித்தனம் இல்ல. இது மனச்சோர்வு. உங்க நோய் இருக்கறவங்கள்ல நிறைய பேருக்கு வர்றதுதான். வலியைக்கூட இது பெருசாக்கிக் காட்டும். நான் அஞ்சு மாசமா மூட்டுக்குள்ளயே துழாவிக்கிட்டிருந்தேன், தப்பு என்மேல" என்றார். "இதுக்கு மாத்திரை இருக்கு. பேசறதுக்கு ஒரு ஆள் இருக்காங்க. மாத்திரை நாலு டாலர். உங்க ஆபீசுக்கு லெட்டர் இப்பவே எழுதறேன்."

"எவ்வளவு?"

"நாலு."

முதுகு ஸ்கேனுக்கு மட்டும் தங்கள் பங்கு எவ்வளவு என்று மார்லிஸுக்குத் தெரியும். அவளுக்குச் சிரிப்பு வந்தது. மாதக்கணக்கில் வராத சிரிப்பு. தும்மல் மாதிரிதான் வந்தது, ஆனாலும் சிரிப்பு.

"மாத்திரை ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டுவிட்டு, டாக்டர் இன்னும் இரண்டு முறை கேட்பதற்காக மூச்சை இழுத்தார்.

"ஒரு தடவை போதும் டாக்டர்" என்றாள் மார்லிஸ். "ஆரம்பிங்க."

வெளியே டுவேன் காபி இயந்திரத்தின் பக்கத்தில் நின்றிருந்தான். கையில் ஒரு கப். அவள் சிவந்த கண்ணையும், கையில் இருந்த கடிதத்தையும், அதோடு கொண்டுவந்துவிட்ட டிஷ்யூ பெட்டியையும் பார்த்தான். என்ன கேட்பதென்று தெரியவில்லை. அவன் கேட்க வேண்டிய மூன்றும் ஏற்கெனவே தீர்ந்து போயிருந்தன. அதனால் தெரிந்ததைக் கேட்டான்.

"காபி வேணுமா?"

"வேணும்" என்றாள் மார்லிஸ். "அன்னிக்கு வண்டியில நீ மூணாவது தடவை கேட்டப்ப நான் பொய் சொன்னேன். நான் நல்லா இல்ல டுவேன். ரொம்ப நாளா நல்லா இல்ல."

டுவேன் கையிலிருந்த ஒற்றைக் கப்பைப் பார்த்தான். முதல் தடவையிலேயே வேணும் என்று அவள் சொல்லிக் கேட்டது முப்பத்தோரு வருடத்தில் இதுதான் முதல் தடவை. இரண்டு மறுப்பு முடிவதற்குள் இன்னொரு கப் பிடித்துவிடலாம் என்று நினைத்து ஒன்றுதான் வாங்கியிருந்தான். அவன் தன் கப்பை அவளிடம் நீட்டினான். அவள் இரண்டு கையாலும் வாங்கி, பாதியைக் குடித்துவிட்டு, மீதியை அவனிடம் கொடுத்தாள்.